இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம்

லவோன் வருகிறாள் என்பதை வெண்டெல் ஸ்ட்ராக் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து டெல்கம்ப் மோட்டார்ஸுக்குள் நுழைய இடப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் லவோனின் பிக்கப் வண்டி தானாகவே ஹாரன் அடிக்கும். கன்று ஈனப் போகும் பசு கத்துவதுபோல நீளமாக ஒரு சத்தம். அது காதில் விழுந்ததும் வெண்டெல் கையிலிருக்கும் காப்பியைக் கீழே வைப்பான், மீசையைத் துடைத்துக்கொள்வான், முகத்தில் கொஞ்சம் வருத்தத்தை வரவழைத்துக்கொள்வான்.

அவன் அந்தக் கடையின் சர்வீஸ் மேனேஜர். கார்னெட் ஊரில் புது வண்டி வாங்கவும் வேறு கடை கிடையாது, வாங்கிய வண்டியைத் திட்டுவதற்கும் வேறு கடை கிடையாது. அடுத்த கடைக்குப் போக வேண்டுமென்றால் மணல்மேடுகளைத் தாண்டி அரை நாள் ஓட்ட வேண்டும். ஆகவே வருத்தமான முகம் வைத்திருப்பதுதான் வெண்டெலின் வேலையில் பாதி.

லவோனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. புருஷன் டென்வரில் ஒரு பல் டாக்டரம்மாவோடு செட்டிலான பிறகு மாட்டுப் பண்ணையைத் தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் வெண்டெலுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். அந்த உரிமையில் இன்றைக்கும் அவனை நீ, வா, போதான். அவன் இன்றைக்கும் நீங்கதான்.

“சொல்லுங்க லவோன். இன்னைக்கு என்ன?”

“நான் என்ன சொல்றது? நீயே இப்பக் கேட்டியே.”

“எத?”

“ஹாரன!”

“கை பட்டிருக்கும்.”

“என் கை ரெண்டும் ஸ்டியரிங் விளிம்புல இருந்துச்சு வெண்டெல். ஹாரன் நடுவுல இருக்கு. எனக்கு மூணாவது கை கெடையாது. இருந்திருந்தா அது இந்நேரம் உன் சட்டையப் புடிச்சிருக்கும்.”

வெண்டெல் தலையைச் சாய்த்து அனுதாபமாகக் கேட்டான்.

“சரி, ஹாரன விடு. வெளிய ஜூலை மாசத்து வெயில் கொளுத்துது, சீட்டு தானா சூடாவுது. எறங்கும்போது என் பின்பக்கத்துல முட்டை பொரிக்கலாம். ஸ்பீக்கர் செத்துப்போச்சு, ஒரு சத்தம் வர்றதில்ல. எதுத்தாப்புல இருக்கற திரை பாதி நேரம் கருப்பாக் கெடக்கு. நேத்து மேட்டுல ஏறுறேன், பின்கதவு தானாத் தொறந்துக்குது. புல்லுக்கட்டு அத்தனையும் ரோட்டுல. பின்னால வந்தவரு நம்ம பாதிரியார். பாவம், எறங்கி ஏத்திக்குடுத்தாரு. அவரு வாயிலேர்ந்து வந்த வார்த்தைய நான் சர்ச்சுல ஒருநாளும் கேட்டதில்ல.”

“பாத்துருவோம்” என்றான் வெண்டெல்.

பார்த்தார்கள். பட்டறைக்குள் வந்ததும் வண்டி சாதுவாகிவிட்டது. பின்கதவு பூட்டினால் பூட்டியது, திறந்தால் திறந்தது. சீட்டு குளிர்ந்து கிடந்தது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் ஹாரன் வாயைத் திறக்கவில்லை. வெண்டெல் கம்ப்யூட்டரில், முந்தைய தடவைகளைப் போலவே, ‘குறை எதுவும் தென்படவில்லை’ என்று அடித்தான்.

ஹாரன் சத்தம் அவன் காதில் விழுந்தது என்னவோ உண்மை. ஆனால் கண்ணுக்குத் தென்படவில்லை என்பதும் உண்மைதானே. இப்படித்தான் அவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வான். அசல் காரணம் கடை முதலாளி ராய்ஸ் டெல்கம்ப். ஒரே குறை உண்மைதான் என்று மறுபடி மறுபடி பதிவானால், சட்டப்படி அந்த வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு வண்டி தர வேண்டும். “தென்படலன்னு எழுதறதுக்கு உனக்கு என்னய்யா கஷ்டம்? மூணே வார்த்தை” என்பார் ராய்ஸ். அவருக்கு வெண்டெலைவிடப் பத்து வயது குறைவு. அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், அதனால் ‘ய்யா’ போடலாம்.

லவோன் சாவியை வாங்கிக்கொண்டாள். “இன்னொரு தடவை நடுரோட்டுல எதாவது ஆச்சுன்னா யாரக் கூப்பிடறது? கடை போன எடுக்கவே மாட்டேங்கறீங்க.”

வெண்டெலுக்கு உண்மையிலேயே மனது கேட்கவில்லை. தன் சொந்த நம்பரைக் கொடுத்தான். அவள் அங்கேயே அதை அழுத்திப் பார்த்து, அவன் சட்டைப் பையில் மணி அடிப்பதைக் கேட்ட பிறகுதான் கிளம்பினாள்.

மறுநாள் மதியம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. லவோன்.

“ஹலோ? லவோன், சொல்லுங்க.”

பதில் இல்லை. ஓய்ந்துகொண்டிருக்கும் ஒரு ஹாரன். டயர் உருளும் சத்தம். ஒரு நாய் கொட்டாவி விடும் சத்தம். பிறகு லவோனின் குரல், ஆனால் அவனிடம் இல்லை.

“...ஏன் ஓட்டிஸ், நீயே சொல்லு. அந்த வெண்டெல் மூஞ்சியப் பாத்தா, சாவு வீட்டுக்கு வந்துட்டு சாப்பாடு எப்பன்னு யோசிக்கறவன் மாதிரி இல்ல?”

நாய் மறுபடி கொட்டாவி விட்டது.

“ஹலோ, லவோன்!” என்று வெண்டெல் கத்தினான். அவள் காதில் விழவில்லை. ஸ்பீக்கர்தான் செத்துக் கிடக்கிறதே. திரையும் கருப்பு. போன் போயிருப்பதே அவளுக்குத் தெரியாது. போனை எடுத்ததும் ஹாரன் சத்தம் ஒன்று கேட்டதை அவன் நினைத்துப் பார்த்தான். இருபது வருஷம் பட்டறையில் இருந்தவனுக்கு இது புரிய நேரமாகவில்லை. ஸ்டியரிங்குக்குள்ளே ஏதோ ஒரு ஒயர் தோல் உரிந்து கிடக்கிறது. இடப்பக்கம் திருப்பும்போது ஹாரனையும் தொடுகிறது, பக்கத்தில் இருக்கும் போன் பொத்தானையும் தொடுகிறது. வண்டி, அதோடு இணைந்திருக்கும் அவள் போன் வழியாக, கடைசியாகக் கூப்பிட்ட நம்பரைத் தானே கூப்பிடுகிறது. லவோன் பண்ணையில் யாருக்கும் போன் பண்ணும் பழக்கம் இல்லாதவள். கடைசி நம்பர் அவனுடையது.

அதாவது, குறை தென்பட்டுவிட்டது. அவன் சட்டைப் பையிலேயே மணியடித்துச் சொல்லிவிட்டது.

அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தான். ராய்ஸின் முகம் நினைவுக்கு வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அதற்குள் லவோன் பேசிக்கொண்டே போனாள்: “ஆனா ஒண்ணு ஓட்டிஸ். பொய் சொல்றப்ப அவனுக்குக் காது செவந்துபோவுது. நல்ல பொய்யனுக்கு அப்படி ஆவாது. அந்த மட்டுக்கும் அவன் தேறலாம்.”

வெண்டெல் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது. சாண்ட்விச் ஆறிப்போனது கூடத் தெரியாமல், வண்டி எங்கோ நின்று இணைப்பு அறுகிறவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

நாளைக்கு நாளைக்கு என்று ஆகஸ்டும் போனது. காலையில் பண்ணை வாசலில் ஒரு இடப்பக்கம், தபாலாபீசில் ஒன்று, திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் ஒன்று. வண்டி அவனைத் தவறாமல் கூப்பிட்டது. வீட்டில் அவனோடு பேச யாரும் இல்லை. விவாகரத்தான பிறகு அவன் வீட்டில் அதிகம் பேசுவது மைக்ரோவேவ் அடுப்புதான். இப்போது திடீரென்று அவன் வாழ்க்கையில் ஒரு குரல். அது மாட்டு விலையைத் திட்டியது, பக்கத்துப் பண்ணைக்காரனின் காளையைத் திட்டியது, அவனைத் திட்டியது, நடுநடுவே செக் மொழிப் பாட்டு ஒன்றைச் சுருதி இல்லாமல் பாடியது. போன் அடித்தால் வெண்டெல் உதிரிபாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். “வயிறு சரியில்ல” என்பான். பட்டறையில் இருந்தவர்கள் அவன் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் பாட்டும் இல்லை, திட்டும் இல்லை. ஹாரன் ஓய்ந்ததும் அவள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ராத்திரி மின்னல் அடித்து வேலியோரம் நின்ற மாடுகள் செத்துப்போயிருந்தன என்பது பிறகு ஊருக்கே தெரிந்த செய்தி. அப்போது அவனுக்குத் தெரியாது. இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று விரல் போனது. துண்டிக்கவில்லை. எண்ணெய் வடிகட்டிப் பெட்டிகளுக்கு நடுவில், போனைக் காதில் வைத்தபடி, மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்திருந்தான்.

செப்டம்பரில் அவன் வாய் அவனைக் கவிழ்த்தது. பின்கதவு மறுபடி திறந்துகொண்டது என்று லவோன் வந்திருந்தாள். வழக்கம்போலத் திட்டினாள், வழக்கம்போல அவன் தலையைச் சாய்த்தான். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, மனதில் இருந்த பிரியத்தில், “ஓட்டிஸுக்குக் காது ஆறிடுச்சா?” என்று கேட்டுவிட்டான்.

லவோன் சாவியை வாங்கிக்கொண்டு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஆறிடுச்சு” என்றாள். “நீ கேட்டேன்னு சொல்றேன்.”

அவள் போன பிறகும் வெண்டெலுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒரு நல்ல மனுஷன் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் கேட்டதாக நினைத்தான். நாயின் காதுக்குள் முள் ஏறிச் சீழ் வைத்ததும், அதை அவளே வீட்டில் மருந்து போட்டு ஆற்றியதும், அவளுக்கும் நாய்க்கும் மட்டுமே தெரிந்த விஷயம் என்பது அவன் மண்டையில் ஏறவில்லை.

அந்த வாரத்திலிருந்து லவோனின் வண்டியில் அவள் தங்கை ட்ரூடியும் ஏறிக்கொண்டாள். ட்ரூடி தபாலாபீசில் வேலை பார்ப்பவள். சிரிப்பை அடக்கத் தெரியாதவள், சிரிப்பு வந்தால் இருமுவாள். அந்த நாட்களில் அவளுக்கு நிறைய இருமல் இருந்தது.

“அக்கா, நீ சும்மா விடக்கூடாது.”

“விடுவேனா? வெள்ளிக்கிழமை காலைல ஒரு லோடு மாட்டுச் சாணம். ஈரச் சாணம் ட்ரூடி. கட்டியானது இல்ல. டெல்கம்ப் கடை வாசல்ல, அந்தப் பளபளன்னு நிக்குதுல்ல புது வண்டிங்க, அதுங்க தலைமேல கொட்டப் போறேன்.”

“ஹ்க்கும், ஹ்க்கும்” என்று இருமினாள் ட்ரூடி.

உதிரிபாக அறையில் இதைக் கேட்ட வெண்டெல் போனைப் பையில் போட்டான். ஓடிப்போய் ராய்ஸிடம் சொன்னான்.

“யாருய்யா சொன்னது?”

“ஊர்ல பேசிக்கிறாங்க.”

“ஊர்ல யாரு?”

“பொதுவா... ஊர்ல.”

வெள்ளிக்கிழமை காலை டெல்கம்ப் மோட்டார்ஸ் படையெடுப்புக்குத் தயாரான கோட்டைபோல இருந்தது. புது வண்டிகளெல்லாம் பின்பக்கத்துக்குப் போய்விட்டன. நுழைவாயிலில் குறுக்கே ஒரு இழுவை வண்டி. பூந்தொட்டிகளுக்கு மேலே தார்ப்பாய். ஷெரிஃபின் போலீஸ்காரர் ஓரின் தன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ராய்ஸ் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

லவோனின் ஹாரன் கேட்டது. எல்லோரும் விறைப்பானார்கள். அவள் இழுவை வண்டிக்கு முன்னால் பிக்கப்பை நிறுத்தி இறங்கினாள். பின்னால் சாணமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் கையில் துணி போட்டு மூடிய ஒரு தட்டு. பிளம் பழம் நடுவில் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டிகள், இன்னும் சூடு ஆறாதவை.

“ஆயில் மாத்தணும்னு வந்தேன். சும்மா வரக்கூடாதேன்னு கொஞ்சம் சுட்டு எடுத்துட்டு வந்தேன்.” தார்ப்பாயைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள், ஓரினைப் பார்த்தாள். “என்ன ராய்ஸ், மழை வருதுன்னு சொன்னாங்களா?”

“இல்ல... பெயிண்ட் அடிக்கலாம்னு...” என்றார் ராய்ஸ்.

“ஓரின் பெயிண்ட் அடிக்கறாரா? நல்லது. ஒண்ணு எடுத்துக்குங்க ஓரின்.”

ஓரின் இரண்டு எடுத்துக்கொண்டார். ராய்ஸ் அன்றைக்கு மாலைவரை வெண்டெலோடு பேசவில்லை. ஓரின் காவலுக்கு வருவது முன்னமே காதில் விழுந்து அவள் மனதை மாற்றிக்கொண்டிருப்பாள் என்று வெண்டெல் முடிவு செய்தான். நேரம் கொடுத்திருந்தால் சரியான காரணத்தை அவனே கண்டுபிடித்திருப்பான். ஆனால் அடுத்த வாரம் வண்டி அவனிடம் வேறு ஒரு விஷயம் சொல்லிவிட்டது.

“அக்கா, வெண்டெல் அப்படி ஒண்ணும் மோசம் இல்ல. என்ன சொல்ற?”

“மோசம் இல்லதான். அந்த மீசைய எடுத்துட்டா கொஞ்சம் பாக்கற மாதிரி இருப்பான். ஒதட்டு மேல செத்த அணில் ஒட்டிவெச்சாப்ல இருக்கு.”

“ஹ்க்கும்!”

“அத எடுத்துட்டு மனுஷனா வந்தான்னா, காப்பி குடிக்கக் கூப்பிட்டாக்கூடப் போவேன்.”

வெண்டெல் உதிரிபாக அறையிலேயே சிறிது நேரம் நின்றான். கல்லூரிக் காலத்திலிருந்து வளர்த்த மீசை. மறுநாள் அது இல்லை. வெயில் படாமல் கிடந்த மேலுதடு வெளுத்துப்போய், முகத்தின் நடுவே ஒரு பிளாஸ்திரி ஒட்டியதுபோல இருந்தது. பட்டறைக்கு வந்த ஒருவர் அவனைப் பார்த்து, “தம்பி, மேனேஜர் இல்லையா?” என்று கேட்டார். ட்ரூடி தபாலைக் கொடுக்க வந்தவள் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டாள். தெருவில் அவள் வெகுநேரம் இருமுவது கேட்டது. வெண்டெல் எதையும் பொருட்படுத்தவில்லை. அடுத்த தடவை லவோனைப் பார்த்தபோது, “உள்ள காப்பி இருக்கு, குடிக்கறீங்களா?” என்றான்.

“உங்க கடைக் காப்பியா? என் வண்டியில இன்னும் ரிப்பேராகாம இருக்கறது என் வயிறு ஒண்ணுதான். அதையும் கெடுக்கணுமா?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சிரித்தாளே என்று அவனுக்குச் சந்தோஷம்.

அக்டோபரில் கன்றுகளை விற்று முடித்த பிறகு தீயணைப்பு நிலையத்தில் விருந்து நடக்கும். ஊரே வரும். பெரிய அண்டாக்களில் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி குழம்பு, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டி, சாப்பிட்ட பிறகு போல்கா நடனம். அந்த வருஷம் கரண்டி பிடித்துப் பரிமாறுவது ராய்ஸ் டெல்கம்ப். அப்படிச் செய்தால் வண்டி விற்கும் என்று அவருக்கு நம்பிக்கை.

விருந்துக்கு முந்தின வாரம் வண்டி பேசியது.

“யாரோட ஆடப் போற அக்கா?”

“சொன்னாச் சிரிப்ப. மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு எவன் வர்றானோ அவனோட. எங்கிட்ட வந்து கேக்கக்கூட வேணாம். நானே போய்க் கையப் புடிப்பேன்.”

“மஞ்சளா? ஏன்?”

“புடிக்கும், அவ்வளவுதான். வெளிறின மஞ்ச இல்ல. கண்ணக் குத்தற மஞ்ச.”

கார்னெட்டில் அப்படி ஒரு சட்டை கிடையாது. வெண்டெல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டி ஓட்டிப் போய் வாங்கி வந்தான்.

அந்த ஊர்ப்பக்கம், வாங்கிய நாளிலிருந்து தீராத குறையோடு அலைக்கழிக்கும் வண்டிக்கு எலுமிச்சம்பழம் என்று பேர். இது வெண்டெலுக்குத் தெரியாதா? அவன் தொழிலே அதுதான். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது அவன் நினைப்பெல்லாம் போல்காவில் இருந்தது. தீயணைப்பு நிலையக் கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே வந்ததும் கூடம் ஒரு நிமிஷம் அமைதியானது. பிறகு பின்வரிசையில் யாரோ, “அட, எலுமிச்சம்பழம் தானே நடந்து வந்துருச்சுப்பா!” என்றார். மேசைகள் குலுங்கின.

அப்போதுதான் அவனுக்குத் தான் என்ன நிறத்தில் நிற்கிறோம் என்பது புரிந்தது. திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தான். அதற்குள் லவோன் எதிரே வந்துவிட்டாள். சொன்னபடியே கையைப் பிடித்தாள். அக்கார்டியன்காரர் வாசிக்கத் தொடங்கினார். இரண்டு சுற்றுகள் ஆடினார்கள். நன்றாகவே ஆடினாள். வெண்டெல் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த நேரம் பார்த்து அவள் நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். வாத்தியமும் நின்றது.

“நல்ல சட்டை வெண்டெல். யாரு சொன்னா போடச் சொல்லி?”

“யாரும்... நானாத்தான்.”

“மீசைய எடுத்தது?”

“அதுவும்...”

“சாணம் வருதுன்னு ராய்ஸுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டது?”

கரண்டியோடு நின்ற ராய்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாரும் கேளுங்க” என்றாள் லவோன். மாட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல், மூலைவரைக்கும் போனது. “என் நாய்க்குக் காது வலி. அது இவனுக்குத் தெரியும். நானும் ட்ரூடியும் சாணம் கொட்டறதப் பத்திப் பேசுனோம். அது தெரியும். மீசை தெரியும், சட்டை தெரியும். இது அத்தனையும் நான் ஒரே எடத்துலதான் பேசுனேன். என் வண்டிக்குள்ள. ஒண்ணு, இவன் என் சீட்டுக்கு அடியில ஒளிஞ்சு கெடந்திருக்கணும். இல்ல, குறையே இல்லாத அந்த வண்டி தானா இவனுக்குப் போன் போட்டிருக்கணும். எது வெண்டெல்?”

ஓரின் வாயில் ரொட்டியோடு எழுந்தார். “மொதல்ல சொன்னதுன்னா, நான் தட்டக் கீழ வைக்க வேண்டியிருக்கும்.”

“வெண்டெல்,” என்றார் ராய்ஸ், “யோசிச்சுப் பேசுய்யா.”

வெண்டெல் யோசித்தான். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரே சுவரில் போய் முட்டியது. பொய் சொன்னால் ஓரின் தட்டைக் கீழே வைப்பார். உண்மை சொன்னால் ராய்ஸ் கரண்டியைக் கீழே வைப்பார். அவன் காதுகள் இரண்டும் மஞ்சள் சட்டைக்கு மேலே தக்காளிபோலச் சிவந்திருந்தன.

“போன்தான்” என்றான்.

“எப்பலேர்ந்து?”

“ஜூலைலேர்ந்து.”

“எப்பெப்ப?”

“நீங்க இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம்.”

“ஹாரன்?”

“அதுவும் அதே ஒயருதான்.”

“நீ அதக் கேட்டிருக்கியா?”

“ஒவ்வொரு தடவையும் கேட்டேன். பின்கதவும் நெஜம். சீட்டும் நெஜம். எல்லாம் நெஜம்.” சொல்லச் சொல்ல அவனுக்கு இலேசாகிக்கொண்டே வந்தது. “ராய்ஸோட வண்டியிலயும் பின்கதவு தொறந்துக்குது.”

கூடம் அதிர்ந்தது. ராய்ஸின் கரண்டி அண்டாவுக்குள் மூழ்கிப்போனது. ட்ரூடி இருமுவதை விட்டுவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டே சிரித்தாள். கூட்டத்தில் நாலைந்து பேர் எழுந்து தங்கள் வண்டிகளைப் பற்றியும் ராய்ஸைக் கேட்க ஆரம்பித்தார்கள். சத்தம் அந்தப் பக்கம் திரும்பியது.

லவோன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் வந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

“மாடு செத்த அன்னைக்கும் கேட்டியா?”

வெண்டெல் தரையைப் பார்த்தான். “கேட்டேன்.”

“ஒடனே வெச்சிட்டியா?”

“வெச்சிருக்கணும்.”

“வெக்கல.”

“வெக்கல.”

அவள் பக்கத்து மேசையில் யாரோ பாதி தின்று வைத்திருந்த இலவங்கப்பட்டை ரொட்டியை எடுத்தாள். அதன் மேலிருந்த சர்க்கரைப் பாகைக் கையால் வழித்து, விரல் விரலாக, அவசரமே இல்லாமல், அவன் மஞ்சள் சட்டையில் துடைத்தாள். பிறகு தங்கையை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். ஊர் சிரித்தது அவனுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அந்த விரல்கள்தான் வலித்தன.

திங்கட்கிழமை வெண்டெல் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் லவோனின் வண்டி பேரில் இருந்த எல்லாப் பதிவுகளையும் திறந்து, ‘குறை உண்மை, நானே கேட்டேன்’ என்று சேர்த்தான். ராய்ஸ் வந்து அவனை வேலையிலிருந்து தூக்கப் போவதாகச் சொன்னார். பிறகு வாசலில் சாவியோடு நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்தார். அந்தக் கவுண்டரில் நின்று அத்தனை பேர் முகத்தையும் பார்க்க வேறு யார் வருவார்கள்? “நாளைக்குத் தூக்கறேன்” என்று உள்ளே போய்விட்டார். நாளைக்கும் கூட்டம் இருந்தது.

நவம்பரில் கம்பெனி பழைய வண்டியை எடுத்துக்கொண்டு லவோனுக்குப் புது பிக்கப் கொடுத்தது. ஹாரன் அடித்தால்தான் அடித்தது. சீட்டு சொன்னபடி கேட்டது. சாவியை வெண்டெல்தான் கொடுத்தான். மன்னிப்புக் கேட்டான். இரண்டு ராத்திரி ஒத்திகை பார்த்த மன்னிப்பு, பாதியிலேயே மறந்துபோனது.

“வார்த்தையெல்லாம் வேணாம்” என்றாள் லவோன். “மின்னல்ல வேலிக் கம்பம் பாதி எரிஞ்சு கெடக்கு. சனிக்கிழமை வந்து குழி தோண்டு. அந்த மஞ்சச் சட்டையே போட்டுட்டு வா, தூரத்துலேர்ந்து வேலை நடக்குதான்னு பாக்க வசதியா இருக்கும்.”

சட்டையைப் பற்றிச் சொன்னது கிண்டலா, கட்டளையா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததால் போட்டுக்கொண்டு போனான். சனிக்கிழமை காலை, முன்சீட்டில் அவனும் லவோனும், நடுவில் அவன் தொடைமேல் பாதி உடம்பைப் போட்டுக்கொண்டு ஓட்டிஸும். மேய்ச்சல் நிலத்தின் வழியாகப் போனார்கள். அவள் நேரில் பேசாமல் இருப்பது, போனில் திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“லவோன், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“காப்பி குடிக்க வருவேன்னு சொன்னீங்களே. அது சும்மா சொன்னதா, இல்ல...”

லவோன் வண்டியை நிறுத்தினாள். எதிரே வேலி, குறுக்கே இரும்பு கேட். பக்கத்துச் சீட்டில் இருப்பவர்தான் இறங்கித் திறக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

“கேட்டத் தொற” என்றாள்.

வெண்டெல் இறங்கினான். துருப்பிடித்த சங்கிலியோடு மல்லுக்கட்டிக் கேட்டைத் திறந்து, வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். வண்டி உள்ளே போனது. கேட்டை மூடிச் சங்கிலியை மாட்டிவிட்டுத் திரும்பினால், வண்டி நிற்கவில்லை. நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது. “ஏய்! லவோன்!” என்று கத்தினான். ஜன்னலுக்கு வெளியே ஓட்டிஸ் தலையை நீட்டி அவனைப் பார்த்தது.

கடைக்குப் போட்டுக்கொண்டு போகிற தோல் ஷூ. இரண்டடிக்குள் மணல் புகுந்துவிட்டது, காலுறை முழுக்க முள் ஒட்டிக்கொண்டது. வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினான். கேட்க யாரும் இல்லை என்பதால் நிறையவே சொன்னான். மேட்டின் உச்சியில் பிக்கப் எஞ்சின் ஓடியபடி நின்றுகொண்டிருந்தது. அவன் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. வண்டியின் பானெட் மேல் ஒரு பிளாஸ்கும் இரண்டு கோப்பைகளும் இருந்தன. லவோன் அதில் சாய்ந்து நின்று, அவன் மூச்சிரைக்க வந்து சேருகிற வரைக்கும் முழுசாகப் பார்த்து ரசித்துவிட்டு, ஒரு கோப்பையில் மட்டும் காப்பியை ஊற்றிக்கொண்டாள்.

“உனக்கு வேணும்னா நீயே ஊத்திக்க” என்றாள். “குழி அந்தப் பக்கம்.”